விழுங்கிய பிறகு

கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு ஆரோவில் பக்கம் திரும்பினால் குயிலாப்பாளையம் வந்துவிடும். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். சாலையோரம் முழுக்கக் காபிக் கடைகளும் வாடகை ஸ்கூட்டர்களும். உள்தெருக்களில் முந்திரித் தோப்புக்கும் கட்டட வேலைக்கும் ஆரோவில் பட்டறைகளுக்கும் போய்வருகிற குடும்பங்கள். ஊருக்குள்ளேயே ஆரோவில் ஹெல்த் சென்டர் இருக்கிறது. பஸ் ஏறினால் புதுச்சேரி ஜிப்மர். வைத்தியம் கிடைக்காத ஊர் என்று இதை யாரும் சொல்ல முடியாது.

இந்த ஊரில் ஓர் ஆயா தன் மாத்திரைப் பையைத் திண்ணையில் கொட்டிக் காட்டினார். துணிக்கடை கேரி பேக். உள்ளே மெட்ஃபார்மின், கிளிமிப்பிரைடு, அம்லோடிபின், எனாலாபிரில். நான்கும் அரசு கொடுத்தவை. கூடவே மெடிக்கலில் அவரே கேட்டு வாங்கிய இரண்டு: முட்டிவலிக்கு டைக்ளோஃபினாக், நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல். அட்டையைக் கத்தரித்துக் கத்தரித்துக் கொடுத்ததில் சில துண்டுகளில் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. ஆயாவுக்கு நிறமும் பருமனும்தான் அடையாளம். பெருசு சக்கரைக்கு, பொடிசு பிரஷருக்கு.

“இதெல்லாம் உள்ள போயி இன்னா பண்ணுது ஆயா?”

“இன்னா பண்ணுதோ கண்ணு. போடச் சொன்னாங்க, போடுறேன். போன மாசம் கல்யாணத்துக்குப் போயிட்டு ரெண்டு நாளு பிரஷர் மாத்திரய உட்டுட்டேன். ஒண்ணும் ஆவல. அப்ப எதுக்கு அத முழுங்கணும்னு தோணுது.” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “சக்கர மாத்திரய ரொம்ப நாளு போட்டா கிட்னி பூடுமாமே, நெசமா?”

இரண்டும் நல்ல கேள்விகள். மருந்தியல் படிக்கிற மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம் முழுவதும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குகிற ஒருவருக்கு இவற்றுக்கான பதிலை யாரும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. அதன் பிறகு ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடு தேடி வருகின்றன. அதற்கு வெகு முன்பே, 1994-ல், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவாகி, அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் பார்த்து, மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப்போன ஏற்பாடு அது. மாத்திரையை வாசல்வரை கொண்டுவந்து சேர்த்ததில் இந்த மாநிலம் செய்திருப்பது பெரிய காரியம். மாத்திரையோடு அதைப் பற்றிய அறிவும் அதே வாசலுக்கு வரவேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

வாயில் போட்ட மாத்திரை வயிற்றில் கரைகிறது. ஆனால் பெரும்பாலான மருந்துகள் ரத்தத்துக்குள் நுழைவது சிறுகுடலின் வழியாக. அங்கிருந்து அவை நேரே உடம்பெங்கும் பரவிவிடுவதில்லை. குடலிலிருந்து புறப்படும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல், வந்த சரக்கில் ஒரு பங்கை அங்கேயே உடைத்துவிடுகிறது. எவ்வளவு தப்பித்து வெளியே வருகிறது என்பது மருந்துக்கு மருந்து மாறும். நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது இதனால்தான். நாக்கடி ரத்தக்குழாய்கள் கல்லீரல் வழியாகப் போவதில்லை, சில நிமிடங்களில் இதயத்துக்கு உதவி கிடைத்துவிடும். அவசரத்தில் அந்த மாத்திரையைத் தண்ணீர் ஊற்றி விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலில் வீணாகிவிடும். இன்சுலின் ஒரு புரதம். வயிற்றுக்குள் போனால் சோற்றோடு பருப்போடு அதுவும் செரித்துவிடும். அதனால் ஊசி.

ஊசி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ‘ஊசி போட்டாத்தான் கேக்கும்’ என்ற நம்பிக்கை நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. காய்ச்சலுக்கு ஊசி போடாத டாக்டரிடம் மறுமுறை போகமாட்டார்கள். பாராசிட்டமால் மாத்திரை குடலிலிருந்து மிக நன்றாக உறிஞ்சப்படுகிற மருந்து. ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் உச்ச அளவு வந்துவிடும். வாந்தி நிற்காதவருக்கும் நினைவில்லாதவருக்கும் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவருக்கும் ஊசி வேண்டும். சாதாரணக் காய்ச்சலுக்கு இடுப்பில் குத்திக்கொள்வதால் வலிதான் கூடுதல்.

ரத்தத்தில் கலந்துவிட்ட மருந்து தன் வேலையை எப்படிச் செய்கிறது? 1905-ல் கேம்பிரிட்ஜில் ஜான் நியூபோர்ட் லாங்லி, தசைகளின் மீது நிக்கோட்டினையும் குராரே என்ற அம்பு நஞ்சையும் மாறிமாறிப் பிரயோகித்துப் பார்த்தார். ஒன்று தசையைச் சுருங்கவைத்தது, மற்றது அந்தச் சுருக்கத்தைத் தடுத்தது. இரண்டுமே தசையணுவில் உள்ள ஏதோ ஒரு குறிப்பிட்ட பொருளைப் பற்றிக்கொண்டுதான் இதைச் செய்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஏற்பி என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். அணுக்களின் மேல் ஏற்பிகள், அயனிகள் போய்வரும் வழிகள், உள்ளே நொதிகள். இவற்றில் ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொண்டு அதன் வேலையைக் கூட்டுவது அல்லது குறைப்பது மட்டுமே பெரும்பாலான மருந்துகளின் தொழில். உடம்புக்குத் தெரியாத புது வேலை எதையும் அவை செய்வதில்லை.

ஆயாவின் பையையே எடுத்துக்கொள்வோம். ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசை இறுகுவதற்குக் கால்சியம் உள்ளே போகவேண்டும். அம்லோடிபின் அந்த வழியை அடைக்கிறது, குழாய் தளர்கிறது, அழுத்தம் இறங்குகிறது. சிலருக்குக் கணுக்கால் வீங்குவதும் அதே தளர்ச்சியால்தான். எனாலாபிரில் உள்ளே போகும்போது கிட்டத்தட்ட வேலை செய்யாத பொருள். கல்லீரல் அதை வெட்டி எனாலாபிரிலேட்டாக மாற்றிய பிறகுதான் மருந்தாகிறது. ரத்தக்குழாயை இறுக்கும் ஒரு பொருளை உடம்பு தயாரிக்கும் நொதியை அது தடுக்கிறது. இந்த மருந்துக் குடும்பம் பிறப்பதற்கு வழிகாட்டியது பிரேசிலில் வாழும் ஒரு விரியன் பாம்பின் நஞ்சு. எனாலாபிரில் போடுகிற சிலருக்கு வறட்டு இருமல் வரும். அந்த இருமலுக்கு மாதக்கணக்கில் டானிக் குடித்துக்கொண்டிருப்பவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றிவிடுவார், இருமலும் நின்றுவிடும்.

கிளிமிப்பிரைடு கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்கவைக்கிறது. சாப்பாடு வரப்போகிறது என்ற கணக்கில்தான் அதைச் சாப்பாட்டோடு அல்லது சற்று முன்பாகக் கொடுக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, ‘தோப்புக்குப் போயி சாப்டுக்கலாம்’ என்று கிளம்புகிற பெண்ணுக்குப் பத்து மணி வெயிலில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டும். ரத்தத்தில் சர்க்கரை கீழே இறங்கிவிட்டது என்பதற்கான அறிகுறி அது. மெட்ஃபார்மின் கணையத்தைத் தொடுவதில்லை. கல்லீரல் சும்மா இருக்கும் நேரத்திலும் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும் அல்லவா, அதைக் குறைக்கிறது. தனியாக அது மட்டும் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். வயிற்றைப் புரட்டாமல் இருக்கச் சாப்பாட்டோடு போடச் சொல்கிறார்கள். ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று சீட்டில் எழுதப்படுவதற்கு ஒவ்வொரு மாத்திரைக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டால் யாரும் மறக்கமாட்டார்கள்.

இனி, ஆயாவின் முதல் கேள்வி. ரெண்டு நாள் விட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை?

உள்ளே வந்த மருந்தை அந்த நொடியிலிருந்தே உடம்பு வெளியேற்றத் தொடங்கிவிடுகிறது. கல்லீரல் உடைக்கும், சிறுநீரகம் கழிக்கும். ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்துக்கு அரை ஆயுள் என்று பெயர். பாராசிட்டமாலுக்கு அது இரண்டு, மூன்று மணி நேரம். அம்லோடிபினுக்கு 30 முதல் 50 மணி நேரம். தினம் ஒன்றாகப் போடும்போது முந்தைய நாள் மாத்திரையில் பாதிக்கு மேல் உள்ளே இருக்கும்போதே அடுத்தது வந்து சேர்கிறது. பக்கத்து ஊரான இரும்பையின் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தினம் ஒரே அளவு தண்ணீர் வருகிறது. ஏரியில் மட்டம் ஏற ஏற மதகில் பாய்வதும் வேகமெடுக்கிறது. ஒரு கட்டத்தில் வரத்தும் போக்கும் சமமாகி மட்டம் அப்படியே நின்றுவிடும். அம்லோடிபின் அந்த மட்டத்துக்கு வர ஒரு வாரம் பிடிக்கும். அதனால்தான் இரண்டு நாள் போட்டுவிட்டு ‘பிரஷர் கொறயல’ என்று சொல்வதும் தவறு, இரண்டு நாள் விட்டுவிட்டு ‘ஒண்ணும் ஆவல’ என்று முடிவுகட்டுவதும் தவறு. ஆயா கல்யாண வீட்டில் இருந்த இரண்டு நாளும் பழைய மாத்திரைகளின் மிச்சம் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் விட்டிருந்தால் மிச்சம் தீர்ந்திருக்கும். அப்போதும் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, ஏனென்றால் உயர்ந்த ரத்த அழுத்தம் பெரும்பாலும் எதையும் காட்டிக்கொள்வதில்லை. பக்கவாதம்தான் அதன் முதல் அறிகுறி என்றாகிவிடுகிற வீடுகள் இருக்கின்றன.

எல்லா பிரஷர் மாத்திரைகளும் இப்படி நின்று நிதானமாக இறங்குவதில்லை. அட்டினலால் ஆறேழு மணி நேர அரை ஆயுள் கொண்டது. அதைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் முன்னைவிட வேகமாகத் துடிக்கும், நெஞ்சுவலிக்காரருக்கு அது ஆபத்து. ஆஸ்பிரினோ இதற்கு நேரெதிர். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் வெறும் 15, 20 நிமிடம். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குள் ரத்தத் தட்டணுக்களின் ஒரு நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்துகொள்ள முடியாது. அது வாழும் ஏழு முதல் பத்து நாளும் முடங்கியது முடங்கியதுதான். மருந்து போய்விட்ட பிறகும் மருந்தின் வேலை தொடர்கிறது. பல் பிடுங்கப் போகும்போது ‘ஆஸ்பிரின் போடுறேன்’ என்று சொல்லச் சொல்வது இதற்காக.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியமானது. சர்க்கரை மாத்திரையால் கிட்னி போய்விடும் என்று தமிழ்நாட்டில் ஏராளமானோர் நம்புகிறார்கள். நம்பி நிறுத்தியும் விடுகிறார்கள். மெட்ஃபார்மினைக் கல்லீரல் தொடுவதே இல்லை. விழுங்கியதில் ரத்தத்துக்குள் போன பங்கு அப்படியே, ஒரு மாற்றமும் இல்லாமல், சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. அது சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் மெட்ஃபார்மின் வெளியேற முடியாமல் தேங்கும், ரத்தத்தில் அமிலம் கூடும். அதனால் சிறுநீரகத் திறன் ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் டாக்டர்கள் அளவைக் குறைக்கிறார்கள், மேலும் இறங்கினால் நிறுத்துகிறார்கள். ‘கிட்னி கெட்டதும் இந்த மாத்திரைய நிறுத்திட்டாங்க, அப்ப இதாலதான் கெட்டிருக்கு’ என்று அக்கம்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். கிட்னியைக் கெடுத்தது கட்டுக்குள் வராத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். சர்க்கரையை அடக்க முயன்ற மருந்தின் மேல் பழி விழுகிறது.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது அதே பையில் இருந்தது. டைக்ளோஃபினாக். முட்டிவலி குறைவது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுப்பதால். ஆனால் சிறுநீரகத்துக்குள் நுழையும் ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருப்பதில் அதே பொருளுக்குப் பங்கு உண்டு. வலி மாத்திரை அந்த நுழைவாயிலைச் சுருக்குகிறது. எனாலாபிரில் வெளியேறும் வழியை அகலமாக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் ரத்தத்தை வடிகட்டத் தேவையான அழுத்தமே இல்லாமல் போகும். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்த உடம்பென்றால் இன்னும் மோசம். போதாததற்கு வலி மாத்திரை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. அடுத்த முறை அளந்து பார்க்கும் செவிலியர் ‘பிரஷர் ஏறியிருக்கே’ என்பார், பிரஷர் மாத்திரையின் பவர் கூடும். முட்டிவலிக்கு வாங்கிப்போட்ட மாத்திரை எந்தச் சீட்டிலும் இல்லாததால் அதைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள். என்னைக் கேட்டால், ஒரு வலி மாத்திரை அட்டையைச் சீட்டில்லாமல் எடுத்து நீட்டுவதுதான் நம் கிராமங்களில் நடக்கும் மிகப் பெரிய மருந்துத் தவறு.

பாராசிட்டமால் சிறுநீரகத்துக்கு இவ்வளவு கெடுதல் செய்யாது, ஆனால் அதற்கும் எல்லை உண்டு. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரையில் எட்டு. அதற்குமேல் போனால் கல்லீரலில் ஒரு நச்சுப்பொருள் சேரத் தொடங்கும். வழக்கமான அளவில் அந்த நச்சு உருவாவது கொஞ்சம்தான், குளூட்டாதயோன் என்ற பொருள் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். தினமும் குடிப்பவர்களுக்கும் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் குளூட்டாதயோன் கையிருப்பு குறைவு. அவர்களுக்கு எல்லை இன்னும் கீழே. சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருக்கிறது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

ஒரே மருந்து, ஒரே அளவு. ஆனால் எல்லா உடம்பும் அதை ஒரே மாதிரி நடத்துமா? இந்தக் கேள்விக்கு உலகம் படித்த முக்கியமான பதில்களில் ஒன்று சென்னையிலிருந்து போனது.

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய்க்கான மருந்துச் சிகிச்சை ஆய்வு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே நடந்த முதல் ஆய்வு 1959-ல் வெளியானது. சானடோரியத்தில் படுத்து, நல்ல சாப்பாடு சாப்பிட்டுச் சிகிச்சை பெற்றவர்களும், நெரிசலான வீட்டிலேயே தங்கி மாத்திரை போட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள் என்று அது காட்டியது. காசநோய் என்றால் மருத்துவமனைக் கட்டில் என்றிருந்த காலம் அத்தோடு முடிந்தது. இந்தக் கதை பலருக்குத் தெரியும். அதே மையம் ஐசோநையாசிட் என்ற மருந்தைப் பற்றிக் கண்டுபிடித்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. மருந்தியல் நோக்கில் பார்த்தால் இதுதான் பெரிய வேலை.

ஐசோநையாசிட்டைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி செயலிழக்கவைக்கிறது. சிலருக்கு அந்த நொதி சுறுசுறுப்பு, சிலருக்கு மந்தம். பிறவியிலேயே அப்படி. சுறுசுறுப்பானவர்களுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் மருந்து பாதியாகிவிடும். மந்தமானவர்களுக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். தென்னிந்திய நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் ஆறு பேர் மந்த வகை என்று சென்னை ஆய்வுகள் காட்டின. எஸ். தேவதத்தாவும் பி.ஆர்.ஜே. கங்காதரமும் சக ஆய்வாளர்களும் 1960-ஐ ஒட்டி உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதிய கட்டுரைகளில் இவை வருகின்றன. அதிக அளவு ஐசோநையாசிட் கொடுத்தபோது சிலருக்குக் கை, கால் எரிச்சலும் மதமதப்பும் வந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் மந்த வகையினர். உள்ளே அதிக நேரம் தங்கிய மருந்து நரம்புகளைத் தாக்கியிருந்தது. பி6 வைட்டமினான பைரிடாக்சினைச் சேர்த்துக் கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்பதும் தெளிவானது. இன்றும் காசநோய் மாத்திரையோடு ஒரு வைட்டமின் மாத்திரை சேர்த்துத் தருவதன் காரணம் அதுதான். ‘சத்து மாத்திரைதானே’ என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது.

இன்னொன்றையும் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு உரிய அதே அளவை ஒரே வேளையாகக் கொடுத்தால், இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பதைவிட நல்ல பலன் கிடைத்தது. எப்போதும் ரத்தத்தில் மருந்து இருந்துகொண்டே இருக்கவேண்டும் என்ற அந்தக் கால நம்பிக்கைக்கு மாறான முடிவு இது. இந்தக் கிருமிக்கு எதிராக, மருந்து எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறது என்பதே முக்கியமாக இருந்தது. பின்னர் வாரத்துக்கு ஒரு முறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது, வேகமாகச் செயலிழக்கவைக்கும் உடம்புக்காரர்கள்தான் தோற்றார்கள். ஒரே சிகிச்சை, ஒரே மருத்துவர், ஒரே ஊர், ஆனாலும் பிறவியில் வந்த ஒரு நொதியால் ஒருவர் பிழைப்பதும் இன்னொருவர் பின்தங்குவதுமாக முடிவு பிரிந்தது. சேத்துப்பட்டில் இருக்கும் அந்த மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

குயிலாப்பாளையத்துக்குப் பக்கத்திலேயே இதன் தொடர்ச்சி நடந்தது. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது ஜிப்மர். அதன் மருந்தியல் துறையில் சி. ஆதித்தனும் சக ஆய்வாளர்களும் தமிழர்களின் மரபணுக்களில் மருந்தை உடைக்கும் நொதிகள் எப்படி வேறுபடுகின்றன என்று ஆராய்ந்து 2003 முதல் வெளியிட்டார்கள். சிஒய்பி2சி19 என்ற நொதியின் செயலற்ற மரபணு வடிவம் தமிழர்களிடம் ஐரோப்பியர்களைவிடக் கணிசமாக அதிகம் என்று தெரியவந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொடுக்கும் குளோப்பிடோகிரெல் மாத்திரையை வேலைசெய்யும் மருந்தாக மாற்றுவது அந்த நொதி. இரு பெற்றோரிடமிருந்தும் செயலற்ற வடிவம் வந்து சேர்ந்தவருக்கு அந்த மாத்திரை சரிவரப் பயன்படாது. தமிழர்களில் இப்படிப்பட்டவர்கள் பத்தில் ஒருவருக்கும் மேல். மாற்று மருந்துகள் இருக்கின்றன, அதனால் கலவரப்படத் தேவையில்லை, ஆனால் இதய மருத்துவரிடம் கேட்கத் தகுந்த விஷயம். மரபணு எப்படியிருந்தாலும் ஒமிப்ரசோலும் அதே நொதியை மந்தப்படுத்தும். கேஸ் மாத்திரைதானே என்று சீட்டில்லாமல் வாங்கிப்போடும் ஸ்டென்ட்காரர் தன் ரத்தம் உறையாமல் காக்கும் மருந்தைத் தானே தடுத்துக்கொள்கிறார்.

பெரும்பாலும் ஐரோப்பிய உடம்புகளில் சோதித்து முடிவான அளவுகளை நாம் விழுங்கிக்கொண்டிருக்கிறோம். நம் மண்ணில், நம் மக்களிடம் நடக்கும் இப்படிப்பட்ட ஆய்வுகள் ஆடம்பரமல்ல, அடிப்படைத் தேவை. இவற்றுக்குப் பணம் ஒதுக்குவதில் கஞ்சத்தனம் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

உடம்பு மருந்தை மாற்றுகிறது என்றேன். பல நேரம் அந்த மாற்றம் நமக்கு நல்லது. சில நேரம் அதுவே எமன்.

அதே கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம். 2023 மே மாதம் அதன் அருகே எக்கியர்குப்பம் மீனவக் கிராமத்தில் சாராயம் என்று விற்ற மெத்தனாலைக் குடித்தவர்கள் சரிந்து விழுந்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் அதே சரக்கு உயிர்களைக் குடித்தது. இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையும் ஜிப்மரும் நோயாளிகளால் நிறைந்தன. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல்.

மெத்தனால் உள்ளே போனவுடன் பெரிய நஞ்சாக இருப்பதில்லை. குடித்தவருக்குச் சாதாரண போதைதான். தூங்கப்போகிறார். கல்லீரலில், சாராயத்தை உடைப்பதற்கென்றே இருக்கும் நொதி மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அடுத்த நொதி அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. அணுக்கள் பிராண வாயுவைப் பயன்படுத்தும் கடைசிப் படியை அந்த அமிலம் முடக்குகிறது. பார்வை நரம்புதான் முதலில் அடிபடுகிறது. அரை நாள், ஒரு நாள் கழித்துக் கண் மங்குகிறது, வயிறு பிசைகிறது, மூச்சு இரைக்கிறது. மெத்தனாலோடு வழக்கமான சாராயமும் கலந்து குடித்திருந்தால் அறிகுறி இன்னும் தாமதமாகும். ‘நேத்து நல்லாத்தானே இருந்தார்’ என்று குடும்பம் கதறுவது இதனால்தான்.

முறிவும் அதே மருந்தியலிலிருந்து வருகிறது. அந்த முதல் நொதிக்கு மெத்தனாலைவிட, வழக்கமான சாராயத்தில் இருக்கும் எத்தனால் மேல் பல மடங்கு நாட்டம். எத்தனாலோ ஃபோமிபிசோல் என்ற மருந்தோ நொதியை ஆக்கிரமித்துக்கொண்டால் மெத்தனால் மாறாமல் அப்படியே நிற்கும். அதற்குள் டயாலிசிஸ் செய்து அதையும் உருவாகிவிட்ட அமிலத்தையும் வெளியேற்றிவிடலாம். மருத்துவமனையில், ரத்த அளவைப் பார்த்துப் பார்த்துச் செய்யும் சிகிச்சை இது. வீட்டில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொடுப்பது முறிவு ஆகாது, உயிர்தான் போகும். கண் மங்கும்வரை காத்திருக்காமல், கூடக் குடித்த ஒருவர் விழுந்தார் என்றதுமே மற்ற எல்லோரும் 108-ல் ஏறிவிட வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்பவரையும் ஏற்றவேண்டும், ஏனென்றால் அவருடைய கல்லீரல் அந்த வேலையை இன்னும் முடித்திருக்காது. இந்த ஒரு வாக்கியம் கடற்கரையோரக் குப்பங்களில் முன்கூட்டியே தெரிந்திருந்தால் சில பேராவது பிழைத்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா குழந்தைகளைக் கொன்ற, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்காலும் இதே நொதியில் தொடங்கித்தான் சிறுநீரகத்தை அழிக்கும் பொருளாக மாறுகிறது.

‘இயற்கை மருந்து, பக்கவிளைவே கிடையாது’ என்ற பேச்சு ஆரோவில்லைச் சுற்றிய ஊர்களிலும் நிறையக் கேட்கிறது. இந்த மணற்பாங்கான நிலத்தில் கேட்பாரற்றுப் பூக்கும் நித்திய கல்யாணியிலிருந்து எடுப்பதுதான் வின்கிரிஸ்டின். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு உயிர் காக்கும் மருந்து. அளவு சற்றுத் தப்பினால் நரம்பைக் கெடுக்கும். செடியில் விளைந்தாலும் ஆலையில் விளைந்தாலும் உடம்பின் ஏற்பிக்கும் நொதிக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. நாட்டு மருந்து சாப்பிடுகிறவர் அதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும், டாக்டரும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்ளவேண்டும்.

இனி ஆகவேண்டியது என்ன? வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலப் பெண்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். அவர்கள் சொன்னால் ஆயாக்கள் கேட்பார்கள். ஒவ்வொரு மாத்திரைக்கும் நான்கு விஷயங்களை அவர்களுக்குச் சொல்லித்தந்தால் போதும்: எதைச் செய்கிறது, எந்த நேரம், ஏன் அந்த நேரம், எது நேர்ந்தால் உடனே வரவேண்டும். மாத்திரை உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்கும் மருந்தாளுநர்களை அரசு மருத்துவமனைகளில் பார்த்திருக்கிறேன். படிக்கத் தெரியாதவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி! அதோடு ஒரு சோற்றுத் தட்டையும் வரைந்துவிட்டால் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற குழப்பமும் தீரும். அட்டையை வெட்டும்போது பெயரும் தேதியும் இருக்கும் பக்கத்தை நோயாளியிடம் விட்டுவிடவேண்டும். சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரைகளையும் சேர்த்து மொத்தப் பையையும் டாக்டர் முன்னால் கொட்டிக் காட்டுவதை நோயாளி வழக்கமாக்கிக்கொள்ளவேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது, சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேட்கவேண்டும், மெட்ஃபார்மினைத் தொடரலாமா என்று தீர்மானிப்பதற்கு அந்த எண் வேண்டும்.

மாத்திரை போட்ட பிறகு உடம்பில் தடிப்போ வீக்கமோ வேறு ஏதோ வந்தால் அதைப் பதிவு செய்வதற்கும் இடம் இருக்கிறது. 2010-ல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் மையங்களில் ஒன்று ஜிப்மரில் இயங்குகிறது. டாக்டர்தான் எழுதவேண்டும் என்பதில்லை, நோயாளியோ வீட்டாரோ தெரிவிக்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. மருந்தின் பெயர், போடத் தொடங்கிய தேதி, என்ன ஆனது, எப்போது ஆனது என்ற விவரங்களைக் கேட்பார்கள். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழைக்கவேண்டும்.